தங்கச்சாமியின் வில்லும் செவிட்டு நாயும்

எங்க கொழுந்தன் தங்கச்சாமி மாதிரி ஒரு ஊமைக்கோட்டானை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. பொறக்கையிலயே அப்படி இல்ல. ராஜபாளையத்துல மில்லுல மிஷினு பூட்டுற பிட்டரா இருந்தான், வெள்ளைத்தாயைக் கட்டுனான், நல்லாச் சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் கிடந்தான். அவ தலைப்பிரசவத்துல பிள்ளையோட போய்ச் சேர்ந்தா. அன்னைக்கு மூடுன வாய்தான். மில்லு வேலையை விட்டுட்டு மம்சாபுரத்துக்கு எங்களோட வந்துட்டான். மலையடிவாரத்துல எங்க நெல்லு வயலைப் பாத்துக்கிட்டான். சோறு வச்சாத் திம்பான், வைக்கலைன்னா கேக்க மாட்டான். எனக்கு ஆத்திரமா வரும். "ஏலே, உசுரோடதான் இருக்கியா?"ன்னு கத்துவேன். தலையை ஆட்டிட்டுப் போயிருவான்.

அப்படி இருந்தவன் ஒரு நாள் சட்டைக்குள்ள ஒரு நாய்க்குட்டியை வச்சுக்கிட்டு வந்து நிக்கான். ராஜபாளையத்துல ஒரு ராஜு வீட்டுல போட்ட குட்டி. உடம்பு பூரா வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸு. அந்தச் சாதி நாய்க்கு எம்புட்டுக் கிராக்கி! ஆனா இதுக்குக் காது கேக்காது. அந்த வெள்ளையில சிலதுக்கு அப்படி வாய்ச்சிரும். யாருக்கும் வேண்டாம்னு கிடந்ததை இவன் தூக்கிட்டு வந்துட்டான்.

"பேசாத மனுசனுக்குக் கேக்காத நாயா? நல்லாப் பொருந்துச்சு போ"ன்னேன். சிரிச்சான். வெள்ளைத்தாய் போன பொறவு அன்னைக்குத்தான் அவன் பல்லைப் பாத்தேன்.

நாய்க்குப் பேரு வைக்கல. கூப்பிட்டா அதுக்குக் கேக்கவா போகுது? எல்லாம் கைதான். உள்ளங்கையைக் கீழ காட்டுனா படுக்கும். தொடையில தட்டுனா வரும். இடது கையை நேரா நீட்டுனா, நீட்டுன திசையில தலைதெறிக்க ஓடும். வயல்ல மயிலு, பன்னி எது இறங்குனாலும் இவன் கையை நீட்டுனாப் போதும், அந்த எடம் காலி. நாய்கூடப் பழகப் பழக இவனுக்கும் வாய் திறந்துச்சு. ஒரு நாள், "இன்னைக்கு என்ன கொழம்பு மதினி?"ன்னான். நான் அடுப்படிக்குள்ள போய் அழுதேன். செத்துப் போனவனை அந்த நாய்தான் எங்களுக்குத் திருப்பிக் குடுத்துச்சு.

நெல்லு பால் புடிக்கையில ஒரு மிளா வர ஆரம்பிச்சுது. மாடு தண்டி மான், கொம்பு ஒவ்வொண்ணும் கை நீளம். மத்ததெல்லாம் நாயைக் கண்டா ஓடும். இது திரும்பி நின்னு குத்திச்சு. நாய்க்கு விலாவுல ஒரு கிழிசல். மஞ்சளை வச்சுக் கட்டுனவன் ராத்திரி பூரா அது பக்கத்துலயே கிடந்தான். "அதைக் கொல்லாம விட மாட்டேன் மதினி"ன்னான். நெல்லுக்காக இல்ல, நாய்க்காக.

மலையைச் சரணாலயம்னு சொல்லி போர்டு நட்டு ரெண்டு மூணு வருசம்தான் ஆச்சு. வெடிச் சத்தம் கேட்டா பாரஸ்ட்காரங்க வந்துருவாங்க. அதனால மூங்கில்ல வில்லு செஞ்சான். மில்லுல பிட்டரா இருந்தவனுக்குச் சும்மா வில்லு போதுமா? துப்பாக்கியில இருக்க மாதிரி இதுலயும் குறி பாக்க முள்ளு வேணுமாம். சைக்கிள் கம்பியை வெட்டி வில்லோட நடுவுல ரெண்டு முள்ளு கட்டுனான். மேல் முள்ளு கிட்ட நிக்கிறதுக்கு, கீழ் முள்ளு தூரத்துக்கு. நாணுல ஒரு சட்டைப் பித்தானை வச்சுக் கட்டி, அந்த ஓட்டை வழியா ஒத்தக் கண்ணால பாப்பான்.

களத்துல வைக்கோல் சாக்கை நிறுத்தி அடிச்சுப் பாத்தான். அம்பு இடது பக்கம் போச்சு. முள்ளையும் இடது பக்கமே தள்ளுனான்.

"கோட்டிக்காரா, வலது பக்கம்லா தள்ளணும்?"

"இல்ல மதினி. அம்பு எங்க போகுதோ அங்கதான் முள்ளும் போகணும். அப்பத்தான் அடுத்த அம்பு நடுவுக்கு வரும்."

வந்துச்சே! சொன்ன எடத்துல போய்க் குத்துச்சு. பழகுற நாளெல்லாம் நாயை எங்க தொழுவுல கட்டிப் போட்டுருவான், அம்பு பறக்குற எடத்துல அது நிக்கக் கூடாதுன்னு. அதனால அவன் வில்லைத் தூக்கி அது ஒரு நாளும் பாத்ததில்ல.

வேட்டைக்குப் போற அன்னைக்கு மட்டும் கூட்டிட்டுப் போனான். அடிபட்ட மிளா ஓடி எங்கயாவது போய் விழுமே, தேட நாய் வேணும்லா. விடியுற நேரம். வரப்புக்குப் பின்னால நாயைப் படுக்க வச்சுட்டு உக்காந்திருக்கான். மிளா வந்து நெல்லுல வாயை வச்சுச்சு. இவன் வில்லைத் தூக்குனான். எம்புட்டோ யோசிச்சவன் இதை யோசிக்கல: வில்லைப் புடிச்சா இடது கை நேரா நீளும்.

நாய் கையைப் பாத்துச்சு. ஓடிருச்சு.

இவன் கண்ணு பித்தான் ஓட்டைக்குள்ள. வெள்ளையா என்னமோ குறுக்க வருதுன்னு தெரியுறதுக்குள்ள அம்பை விட்டுட்டான். அவன் அலறுனது களத்துல நின்ன என் காதுல விழுந்துச்சு. அதுக்குக் கேக்கலையே!

வயலுக்கு ஓடுனேன். மிளாவைக் காணோம். நாய் நெல்லுக்குள்ள கிடக்கு, விலாவுல அம்பு. இவன் பக்கத்துல ரெண்டு கையையும் கக்கத்துல இடுக்கிக்கிட்டு உக்காந்திருக்கான். "ஏலே பாவி, தொட்டுத் தடவிக் குடுக்கக்கூடவா மனசு வரல?"ன்னேன்.

"கையை அசைச்சா எந்திரிக்கப் பாக்கு மதினி"ன்னான். "நான் ஏதோ சொல்லுதேன்னு நெனைக்கி. நீங்க தடவிக் குடுங்க."

உக்காந்து தடவுனேன். அது என்னைப் பாக்கவே இல்ல. அவன் கை எப்ப வெளிய வரும்னு அவனையே பாத்துக்கிட்டுக் கிடந்துச்சு. செத்த நேரத்துல அடங்கிருச்சு. அதுக்குப் பொறவுதான் அவன் கையை எடுத்தான்.