கம்பி பூட்டிய பூட்ஸ்

காளவாசல் செருப்புக் கடையில் என் மகனுக்குப் பள்ளி ஷூ பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் ஷூவின் ஒட்டுப்பட்டையைச் 'சர்ர்' என்று பிரித்தார். அந்தச் சத்தத்தில் நான் எழுமலை ஊரில் எங்கள் வீட்டில், ஏழு வயதுப் பெண்ணாக, தங்கை செல்வியின் தொட்டிலருகே நின்றேன்.

செல்வி இரண்டு பாதமும் உள்பக்கம் மடங்கிப் பிறந்தவள். வாரா வாரம் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் மாவுக்கட்டு மாற்றி, பாதம் நேரானதும், ஒரு கம்பியின் இரு முனையிலும் பூட்டிய குட்டி பூட்ஸைக் கொடுத்தார்கள். மூன்று மாதம் குளிக்கும்போது தவிரக் கழற்றக் கூடாது. பிறகு நாலு வயதுவரை தூங்கும்போதெல்லாம் போட வேண்டும்.

வியர்வையும் பாலும் ஊறிய தோல் வாசனை வீடெல்லாம் அடிக்கும். குதிகால் சரியாக இறங்கியிருக்கிறதா என்று அம்மா விரல் விட்டுப் பார்ப்பாள். அப்பா ஒட்டுப்பட்டையைச் 'சர்ர்' என்று பிரித்து, இழுத்து மாட்டுவார். செல்வி வீறிட்டு அழுவாள்.

ஒருநாள் அத்தை தாங்க முடியாமல், "பச்சப்புள்ளைய இம்புட்டு வதைக்கணுமா? கழட்டுங்க மதினி" என்று பூட்ஸில் கை வைத்தாள்.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு அழுகட்டும் பஞ்சு. பெரியவளாகி நடக்க முடியாம அழுகக் கூடாது." சொன்ன அம்மாவும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

பத்தே நாளில் செல்வி இரண்டு காலையும் சேர்த்து உதைக்கப் பழகிவிட்டாள். அந்தக் கம்பி பட்டு வீங்கிய தன் மூக்கை அப்பா ஊரெல்லாம் பெருமையாகக் காட்டினார்.

ஒன்றேகால் வயதில் ஒரு காலையில், வெறுங்காலோடு வாசலில் நாலடி வைத்தாள். முதலில் பார்த்தது அத்தைதான். "மதினி, ஓடியாங்க! ரெண்டு பாதமும் தரையில பதியுது!"

போன மாதம் போலீஸ் வேலைக்கான ஓட்டத்தில் செல்வி தேறினாள். அவள் ஓடி முடிக்கும்வரை, மைதானத்து வேலிக்கு வெளியே அப்பாவும் கூடவே ஓடினார்.