ரத்த வங்கிக் கணினியில் நான் மாற்றாத எண்

சென்ற ஐப்பசி பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். தஞ்சாவூரில் இரவு முழுக்க மழை. மிளகு ரசம், பீன்ஸ் பொரியல், இரண்டு டிபன் பாக்ஸ். எட்டு ஐந்துக்கு டவுன் பஸ். எட்டரைக்கு, நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில் கைரேகை வைத்தாயிற்று. இவ்வளவும் என் டைரியில் இருக்கிறது. அதில் இல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பதினெட்டு வருடங்களாக அங்கே நெட்வொர்க் என் பொறுப்பு. எல்லோருக்கும் நான் 'நெட் அக்கா'. ஒரு பிரிவிலுள்ள கணினி அடுத்த பிரிவோடு பேச வேண்டுமானால் ரூட்டர் என்ற ஒரே வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வாசலின் எண் ஒவ்வொரு கணினியிலும் பதிந்திருக்கும். எங்களிடம் இருந்த எண்பத்து நான்கிலும் நானே கையால் பதிந்தேன். ரூட்டர் படுத்துவிட்டால் மொத்த மருத்துவமனையும் நிற்கும். "அக்கா, நெட் போச்சு!" என்று நாலு பக்கமும் குரல் கேட்கும். நான் ஓடுவேன். எங்கள் தலைமை மருத்துவரான டாக்டரம்மாகூட வழிவிட்டு நிற்பார். உண்மையைச் சொன்னால், அந்த ஓட்டம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆடியில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். அதிராம்பட்டினத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர், வளைகுடாவில் பல வருடம் இதே வேலை பார்த்தவர். பாய் என்று கூப்பிடுவோம். வந்த வேகத்தில் நிர்வாகத்திடம் பேசி இரண்டாவது ரூட்டர் வாங்கிவிட்டார். இரண்டுக்கும் பொதுவாக ஓர் எண். கணினிகள் அந்தப் பொது எண்ணைத்தான் தேடும். ஒரு ரூட்டர் போனால், இன்னொன்று சில நொடிகளில் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளும்.

"பழைய நம்பரையே பொது நம்பரா வச்சுக்குவோம் அக்கா. ஒரு மெஷினையும் தொட வேணாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அது என் ரூட்டரோட நம்பர் பாய். அதுல கை வைக்காதீங்க."

"சரிக்கா, அப்ப புது நம்பர் வச்சுக்கலாம். ஆனா எண்பத்து நாலையும் மாத்தணும். நீங்க நோட்டுல டிக் போட்டா போதும், நான் திரும்பப் பாக்க வேண்டியதே இல்ல."

வரவேற்பறைக் கணினிகளை மாற்றி முடித்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய், டாக்டரம்மா முன்னால் பழைய ரூட்டரின் வயரைப் பிடுங்கிக் காட்டினார். பில் போட்டுக்கொண்டிருந்த பெண் தலைநிமிரவே இல்லை. டாக்டரம்மா கைதட்டினார். பதினெட்டு வருடத்தில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை.

அதன் பிறகு பாய் செய்த எதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. ஊரிலிருந்து பேரீச்சம்பழம் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். என் பங்கை வாட்ச்மேனிடம் தள்ளிவிட்டேன். "என்னக்கா, பாய் வந்ததுல இருந்து உங்களப் பாக்கவே முடியல? லீவுன்னு நெனச்சேன்!" என்று ஒரு நர்ஸ் கேலி செய்தபோது சிரித்து வைத்தேன். அன்று டைரியில் 'அழைப்பு: ஒன்று. ராங் நம்பர்' என்று எழுதினேன்.

கடைசியாக மாற்ற வேண்டியது ரத்த வங்கியின் கணினி. அதன் முன்னால் உட்கார்ந்தேன். இது ஒன்று மட்டும் பழைய ரூட்டரையே தேடட்டும், என்றாவது நின்றுபோகும், அப்போது என்னைத்தானே கூப்பிடுவார்கள் என்று தோன்றியது. எண்ணை மாற்றாமலே நோட்டில் டிக் போட்டுவிட்டு எழுந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பக்கத்திலேயே ஓர் இடி விழுந்தது. பழைய ரூட்டர் கருகிப்போனது. பாய் சொன்னபடியே எல்லாப் பிரிவும் ஓடியது. முன்பெல்லாம் எல்லாம் சேர்ந்து நிற்கும், உடனே எதையும் போனில் கேட்டுவிடுவார்கள். அன்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கால் மணி நேரம் கழித்து, என் அறைக்கு அடுத்திருந்த ரத்த வங்கிக்கு ஒரு நர்ஸ் ஓடிவந்தார். "பிரசவ கேஸ், ரத்தம் நிக்கல. கம்ப்யூட்டர்ல கேட்டு எவ்வளவு நேரமாச்சு! என்ன பண்றீங்க?"

"எங்களுக்கு ஒண்ணுமே வரலையே சிஸ்டர்!" என்றார் ரத்த வங்கியில் இருந்தவர்.

நான் மாற்றாமல் விட்ட எண் அப்போதுதான் எனக்கு உறைத்தது; ஆபரேஷன் தியேட்டர் பக்கம் ஓடினேன். தியேட்டர் வாசலில் அந்தப் பெண்ணின் கணவர் நின்றிருந்தார். தாளடி நெல் நடவிலிருந்து அப்படியே வந்தவர், கெண்டைக்காலில் சேறு காய்ந்திருந்தது. என் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "மேடம், ரத்தம் வந்துடுச்சாங்க? உள்ள ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார். அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

நர்ஸ் கையோடு வாங்கிவந்த ரத்தம் உள்ளே போய்ச் சேர்ந்தது. ஆறு மணிக்கு, தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள் என்றார்கள்.

ஆறரைக்கு டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் வாய் திறப்பதற்குள் பாய் பேசிவிட்டார். "தப்பு என்னோடது டாக்டர். ரத்த வங்கி மெஷின்ல பழைய நம்பரே இருந்திருக்கு. கடைசியா ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்திருக்கணும்."

பாயை வேலையில் நிரந்தரமாக்கும் உத்தரவு மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. டாக்டரம்மா அதை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். "இனி இது வேணுமான்னு யோசிக்கிறேன்" என்றார்.

வெளியே வந்ததும் பாய்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். "விடுங்கக்கா, கை தவறியிருக்கும். துபாய்ல நானே இப்படி ஒரு மெஷினை விட்டிருக்கேன்." என்னை அவர் சந்தேகப்படவே இல்லை. திட்டியிருந்தால்கூட அன்றிரவு தூங்கியிருப்பேன்.

பொறாமை என்றால் அடுத்தவரைப் பார்த்து நாம் புழுங்குவது, அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கோ சேற்றில் நின்று நடவு நட்டுக்கொண்டிருந்தவரின் வீடு வரைக்கும் அது போகும் என்பதை அன்றுதான் கண்டேன். அதற்கப்புறம் யாரையாவது பார்த்து மனசு சுருங்கும்போதெல்லாம் அந்தக் கெண்டைக்கால் சேறுதான் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் காலை சமைக்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் டாக்டரம்மாவின் அறை வாசலில் நின்றேன். அவர் குடையை மடக்கிக்கொண்டு வந்ததும், "கை தவறல டாக்டர். தெரிஞ்சேதான் விட்டேன். பாய் மேல தப்பில்ல, அந்த உத்தரவுல கையெழுத்துப் போடுங்க" என்றேன்.