திருப்பி வாங்கிய சால்வை

போன வாரம் என் மகள் ஆத்தூரிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. ஊர்ப் பெரியவர்கள் விழா வைத்து ஆசிரியர்களுக்கெல்லாம் சால்வை போர்த்தினார்களாம். முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். சந்தோஷப்பட வேண்டிய நான், “சால்வைய ஊட்டுக்குக் கொண்டார உட்டாங்களா?” என்று கேட்டேன். “என்னம்மா கேள்வி இது?” என்று பெட்டியைத் திறந்து எடுத்துக் காட்டினாள். என்னால் அதைத் தொட முடியவில்லை. காரணத்தை அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வெள்ளைக்காரன் காலம். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடக் கட்டிடம் என் பெரியப்பாவினுடையது. அதனால் பள்ளிக்கூடமும் அவருடையது, வாத்தியாரும் அவருடையவர் என்றே ஊர் நினைத்தது. சர்க்கார் மானியம் பெரியப்பா பெயருக்கு வரும். வாத்தியாருக்கு ஊர் கொடுத்தது கம்பு. அமாவாசைக்கு அமாவாசை, படிக்கிற பிள்ளை ஒன்றுக்கு ஒரு வள்ளம் கம்பு அளந்து அவர் வீட்டுக்கு அனுப்புவார்கள். நல்ல கம்பு குதிருக்குப் போனபின் மிஞ்சியதுதான் அவருக்குப் போகும். அதற்குத் தர்மம் என்று பெயர். நாள் முழுக்கத் தொண்டை வறளக் கத்தியவருக்குக் கொடுப்பதைத் தர்மம் என்று சொல்ல ஒருவருக்கும் நாக்குக் கூசவில்லை.

அந்த வருடம் வாத்தியார் ஒரு காரியம் செய்தார். பண்ணையாட்களின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பாடம் கேட்பது வழக்கம். ஐப்பசி மழையில் அவர்கள் நனைவதைப் பார்த்து உள்ளே கூப்பிட்டு, எங்களோடு பலகையில் உட்கார வைத்தார். மழை நின்ற பிறகும் வெளியே அனுப்பவில்லை.

பெரியப்பா சத்தம் போடவில்லை. அடுத்த அமாவாசைக்கு எந்த வீட்டிலிருந்தும் கம்பு போகவில்லை, அவ்வளவுதான். அதற்கடுத்த அமாவாசைக்கும் போகவில்லை. வாத்தியார் மனைவிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை.

மார்கழியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. வாத்தியார் வாயைத் திறந்தால் மானியம் போய்விடும். பெரியப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது.

“ஒரு மரியாதை செஞ்சு போடுவோம்டா. அப்பறம் அந்தாளு எப்படி வாயத் தொறப்பாரு?” என்று என் அப்பாவிடம் சொன்னார்.

பெரியப்பாவின் கல்யாணத்துக்கு வாங்கிய அரக்கு நிறக் கம்பளிச் சால்வை பெட்டியிலிருந்து வெளியே வந்தது. வாழ்த்துப் பாட்டு ஒன்றும் வேண்டும் என்றார்கள். ஊரில் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதத் தெரிந்தவர் வாத்தியார் ஒருவர்தான். ஆகவே தன்னைப் புகழும் பாட்டை அவரே எழுத வேண்டியதாயிற்று. அவர் எழுதிக் கொடுத்ததை நான் மனப்பாடம் செய்து இன்ஸ்பெக்டர் முன்னால் பாடினேன். பெரியப்பா சால்வையைப் போர்த்தினார். எல்லோரும் கை தட்டினோம்.

“உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?” என்று இன்ஸ்பெக்டர் வாத்தியாரைக் கேட்டார். பெரியப்பா மூச்சு விடாமல் நின்றார்.

“குறை ஒண்ணுமில்லீங்க. பண்ணையாளுங்க புள்ளைங்களும் உள்ள வந்து ஒண்ணா உக்காரோணும்னு சொன்னவிங்களே இவிங்கதானுங்க. இந்த மனசு வேற எந்த ஊர்லீங்க இருக்குது?” என்று பெரியப்பாவைக் காட்டினார் வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பள்ளிக்கூடத்துப் பெரிய நோட்டில் அதை அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். பெரியப்பா பல்வலிக்காரர் போலச் சிரித்தார்.

இன்ஸ்பெக்டரின் குதிரை வண்டி கண்ணை விட்டு மறைந்ததும், “அம்மிணி, போயி சால்வைய வாங்கிட்டு வா” என்றார் பெரியப்பா என்னிடம்.

“இன்னைக்கேவாண்ணா? நாலு நாள் போவட்டுமே” என்றார் அப்பா.

“மரியாதை செஞ்சாச்சில்ல? மரியாதை அவருக்கு. சால்வை நம்மூட்டுது.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து ஜமக்காளமும் வெள்ளிக் கிண்ணமும் ஊர் விசேஷங்களுக்குப் போகும், திரும்பி வரும். சால்வையும் அப்படித்தானே என்று ஓடினேன்.

வாத்தியார் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். “வாங்கம்மிணி, பாட்டு நல்லாப் பாடுனீங்க” என்றார். வந்த காரியத்தைச் சொன்னேன். உள்ளே குழந்தை அந்தச் சால்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

“ஊதக்காத்து அடிக்குது கண்ணு. விடியட்டும், நானே கொண்டாந்து குடுத்தர்றேன்” என்றாள் அவர் மனைவி.

“அது எங்கூட்டுதுங்க” என்றேன்.

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் அசையாமல் இருக்கவே, நானே குனிந்து, மெல்ல மெல்லச் சால்வையை உருவினேன். வாத்தியார் அதை என்னிடமிருந்து வாங்கி, சுருக்கமில்லாமல் மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

“சால்வை வந்துருச்சு, நோட்டுல எழுதுனது அப்படியே இருக்கட்டும்னு பெரியவிங்ககிட்டச் சொல்லுங்க அம்மிணி.”

பண்ணையாட்களின் பிள்ளைகளை மறுபடி வெளியே அனுப்பப் பெரியப்பாவால் முடியவில்லை. இன்ஸ்பெக்டர் கையெழுத்து அங்கே இருந்தது. கம்பு மட்டும் கடைசி வரை போகவில்லை. தை முடிவதற்குள் வாத்தியார் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சேலம் பாதையில் நடந்து போனார். எங்கள் வீட்டில் மூன்று வண்டி இருந்தது. ஒன்றும் பூட்டப்படவில்லை. இன்றைக்கும் ஊருக்குப் போனால், அந்தக் காலத்திலேயே எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்தவர் உன் பெரியப்பா என்கிறார்கள். என் மகளுக்குக் கை தட்டியவர்கள் இப்படிப்பட்டவர்களாக இருக்க மாட்டார்கள் என்று யாராவது எனக்கு உறுதி சொல்ல மாட்டார்களா?

அன்று வீட்டுக்கு வந்ததும் வாத்தியார் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் பெரியப்பாவிடம் ஒப்பித்தேன். பளாரென்று கன்னத்தில் அறை விழுந்தது. அழுத என்னைப் பெரியம்மா சமையலறைக்குக் கூட்டிப்போனாள். குழந்தை விழிக்காமல் சால்வையை உருவியதை விக்கி விக்கி அவளிடம் சொன்னேன். “கெட்டிக்காரி” என்று பெரியம்மா ஒரு துண்டு வெல்லம் கொடுத்தாள். பெரியப்பா எதற்கு அடித்தார் என்று எனக்குப் புரியவில்லை. வெல்லம் எதற்குக் கிடைத்தது என்பது மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டதாக நினைத்து, அதை அவசரமில்லாமல் சப்பித் தின்றேன்.