நான் பார்க்காத கிரகணம்

எண்பதாம் வருடம் மாசி மாதம் வந்த சூரிய கிரகணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்போது திருமங்கலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்கொரு அட்டை கொண்டுவரச் சொல்லி, நடுவில் ஊசியால் துளை போட வைத்தேன். சூரியனை நேரே பார்க்கக் கூடாது. முதுகைக் காட்டி நின்று, துளை வழியாக வெள்ளைத் தாளில் விழும் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். சந்திரன் குறுக்கே வருகிறது, அவ்வளவுதான், பாம்பும் இல்லை பல்லியும் இல்லை என்றேன். சனிக்கிழமை மத்தியானம் பள்ளி மைதானத்துக்கு வாருங்கள், நானும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

எனக்கு அப்போது ஏழு மாதம். கர்ப்பிணி மேல் கிரகணம் பட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

சனிக்கிழமை புடவை மாற்றிக் கிளம்பிய என்னை மாமியார் மறித்தார். "வகுத்துப் பிள்ளைய வச்சுக்கிட்டு எங்கத்தா கெளம்பிட்ட? உள்ள போயிப் படு."

கணவரைப் பார்த்தேன். மனிதர் பௌதிகத்தில் பட்டம் வாங்கியவர். "ரெண்டு மணி நேரந்தான, அம்மா சொல்றதக் கேட்டுட்டுப் போயேன்" என்று சொல்லி என்னை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, வெளியே தாழ் போட்டார். அதோடு விட்டாரா? ஓட்டு இடுக்கில் ஒரு பொட்டு வெளிச்சம் அறைக்குள் விழும். அதுவும் என் மேல் படக் கூடாதென்று ஏணி வைத்து ஏறிச் சாக்கை விரித்தார். அந்த இடுக்கும் அட்டைத் துளையும் ஒன்றுதான். சும்மா விட்டிருந்தால் தரையில் சூரியன் பிறையாக விழுந்திருக்கும். என்னைத் தவிர அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

நாலைந்து பிள்ளைகள் அட்டையோடு மைதானத்துக்கு வந்து நின்றதாகவும், டீச்சரைக் காணோமென்று வாட்ச்மேன் விரட்டிவிட்டதாகவும் திங்கட்கிழமை கேள்விப்பட்டேன்.

சித்திரையில் பெண் பிறந்தாள். மேலுதடு பிளந்திருந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "எப்பிடியும் எட்டிப் பாத்திருப்பா. ஊரான் பிள்ளைகளுக்கே பாக்கச் சொல்லிக் குடுத்தவதான." தாழ் போட்ட மனிதர் பக்கத்தில் நின்றார், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா, "வயித்துல இருக்கும்போதே, மூணாம் மாசத்துக்குள்ளயே உதடு கூடிரும்மா. கிரகணத்துக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல. உடம்பு தேறட்டும், தச்சிரலாம்" என்று சொன்னபோதும் கூடவே இருந்தார். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தையை வெளியே தூக்கினால் மாமியார் அதன் முகத்தில் துணியைப் போட்டார்.

லீவு முடிந்து பள்ளிக்குப் போனால், அங்கேயும் அதே கதை. "உங்க டீச்சர் கதியப் பாரு" என்று தாய்மார்கள் சொல்ல, பிள்ளைகள் அட்டைகளை அடுப்பில் போட்டிருந்தார்கள். நான் சொல்லிக் கொடுத்தது பொய் என்பதற்கு என் மகளே அத்தாட்சியாகிவிட்டாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் துணி கிணி எதுவும் போடாமல் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"நல்லாப் பாருங்க" என்றேன் வகுப்பில். "நான் கிரகணத்தப் பாக்கல. என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. பூட்டியும் இப்படித்தான் பொறந்திருக்கா."

எங்கள் ஊர்க் காலனியிலிருந்து படிக்க வரும் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"எங்கக்கா அன்னைக்கு வெளியதான் டீச்சர் இருந்துச்சு. அதுக்கும் ஏழு மாசம். பிள்ள நல்லாத்தான் இருக்கு."

"வெளிய என்ன செஞ்சா?"

"பருத்தி எடுத்துச்சு. உங்க காட்டுலதான் டீச்சர்."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே மாமியாரிடம் போனேன். "கிரகணத்தன்னைக்கு நம்ம காட்டுல பருத்தி எடுக்க ஆள் விட்டிருந்தீங்களாமே அத்தை. அதுல ஒருத்தி ஏழு மாசம்."

அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அவளுகளுக்கு என்னத்தா. அதெல்லாம் ஒண்ணும் செய்யாது."