குற்றாலத்து நோயாளிகள்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் தென்காசியில் கார் வைத்திருந்த டாக்டர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். நான் அதில் ஒருவன். சர்க்கார் உத்தியோகம் இல்லை, சொந்த வைத்தியசாலை. வருமான வரிக் காகிதம் முதன்முதலாக வீடு தேடி வந்தபோது அதை எடுத்துக்கொண்டு யோசனை கேட்க அலைந்தேன். பக்கத்துத் தெரு வக்கீல் குமாஸ்தாதான் வழி சொன்னார்.

"வைத்தியத்துக்காவ கார் ஓடுன மைலுக்கெல்லாம் பெட்ரோல், டயர் செலவைக் கழிச்சிக்கிடலாம் டாக்டரே. ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைங்க."

போட்டேன். கீழப்பாவூரில் பிரசவம், சிவகிரியில் பாம்புக்கடி என்று ஆரம்பத்தில் நியாயமாகத்தான் எழுதினேன். ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் புத்தி கெட்டது. சாரல் நாளில் அருவியில் குளிக்காவிட்டால் எங்கள் ஊர்க்காரனுக்குப் பொழுது விடிந்த மாதிரியே இராது. தினமும் காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காரில் ஏறிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பமும் வரும். திரும்பியதும் ஈரத் தலையோடு உட்கார்ந்து, "குற்றாலம், நோயாளி, ஏழு மைல்" என்று எழுதுவேன். அருவித் தண்ணீர் சகல நோயையும் தீர்க்கும் என்பார்கள். என் நோட்டில் மட்டும் அங்கே தினம் ஒருவர் படுத்துக் கிடந்தார்.

காரை ஓட்டியவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நானும் என் மனைவியும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். எந்த நேரம் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காத மனிதர்.

மறு வருஷம் வரி அதிகாரி ஊருக்கு வந்து பிரயாணிகள் பங்களாவில் முகாம் போட்டார். அதிர்ந்து பேசாதவர். என் நோட்டை மெதுவாகப் புரட்டினார்.

"ஆனி, ஆடி, ஆவணி மூணு மாசமும் குற்றாலத்துல தினம் ஒரு நோயாளி. ஐப்பசியில ஒருத்தர்கூட இல்லை. சாரலோட போயிட்டாங்களா டாக்டர்?"

தப்புத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொஞ்சம் வரி கூடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஊருக்குள் டாக்டர் பொய்க்கணக்கு எழுதினான் என்று ஆகிவிடுமே என்று பயந்தேன்.

"அதை நான் எழுதலை சார். டிரைவர் எழுதினான். எங்க போனாலும் நோயாளின்னு போட்டுருவான் போலிருக்கு. விவரம் கெட்டவன்."

ஜன்னல் திறந்திருந்தது. அண்ணாச்சி அதற்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி அவரை உள்ளே கூப்பிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இந்த நோட்டை எழுதினது நீங்கதானா?"

அண்ணாச்சி என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆமாங்கய்யா. நாந்தான் எழுதுனேன். தப்பு எம்மேலதான்."

அந்த நிமிஷம் எனக்கு மூச்சு வந்தது. வெட்கமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. வெட்கம் வரவில்லை, பிழைத்தோம் என்றுதான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அவர் சொன்னதை அதிகாரி ஒரு காகிதத்தில் எழுதினார். பேனாவையும் காகிதத்தையும் அவர் பக்கம் நகர்த்தி, "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார்.

அண்ணாச்சி பேனாவைத் தொடவில்லை. இடது கைப் பெருவிரலை நீட்டிக்கொண்டு, "மை இருக்குங்களாய்யா?" என்று கேட்டார்.

அதிகாரி பேனாவை மூடினார். காகிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. நோட்டை என்னிடம் தள்ளி, "குற்றாலத்து நோயாளிகளை எல்லாம் நீங்களே அடிச்சுடுங்க டாக்டர்" என்றார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "பெரியவரே, நீங்க உட்காருங்க" என்றார்.

அவர் உட்காரவில்லை. நான் ஒவ்வொரு வரியாக அடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் எப்போதும்போல எனக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார். ஏதோ தவறு செய்துவிட்டவர் போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எனக்கு ஒரு கையெழுத்துத் தெரிஞ்சிருந்தா டாக்டரையாவுக்கு இந்த வெக்கக்கேடு வந்திருக்காது. எம்பேரை மட்டும் எழுதச் சொல்லித் தாங்க, பழகிக்கிடுதேன்."

வீடு வந்து சேரும்வரை அவரை அண்ணாச்சி என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை.