ஓரத்தில் பதினோரு குறிப்புகள்

நாற்பத்தொன்பது வயதில் அனைத்துலக உறவுகள் படிக்கப் போன என்னை, மலேசியாவின் ஈப்போ நகர வார இறுதி வகுப்பில் எல்லாரும் ‘அங்கிள்’ என்றார்கள். ‘அண்ணே’ என்று கூப்பிட்ட ஒரே புண்ணியவதி, மாணவர்களே நடத்தும் ஆய்விதழின் ஆசிரியர். அவளுக்கு இருபத்திரண்டு வயது.

அந்த இதழில் என் கட்டுரை வந்துவிட வேண்டும். அதுதான் எனக்குக் கடைசி செமஸ்டர்; படிப்பு முடிந்தால் மாணவனில்லை, மாணவனில்லையென்றால் இதழில் இடமில்லை. ரப்பர் விற்கும் நாடுகள் கூடிப் பேசி விலையைத் தாங்கிப் பிடிக்கப் பார்த்த கதையை எழுதியிருந்தேன். சிலிம் ரிவர் பக்க ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அந்த விலை ஏறியதும் இறங்கியதும் எங்கள் வீட்டு மீன்குழம்பில் தெரியும்.

இதழில் கறாரான வழக்கம் ஒன்று உண்டு. கட்டுரையை மதிப்பிடும் இருவருக்கும் எழுதியவர் யாரென்று தெரியக்கூடாது. தெரிந்தால் கட்டுரை தள்ளுபடி. ஆகவே என் பெயரை நீக்கினேன். வேலையிடத்தை நீக்கினேன். நன்றியுரையில் மனைவியைக்கூட நீக்கினேன். அதற்கு வீட்டில் தனி விசாரணை நடந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பிவிட்டு, பத்து காஜா ஊரிலுள்ள என் ஆபீசில் தே தாரிக் டீயோடு உட்கார்ந்து, என் கட்டுரையை நானே ரசிக்கத் திறந்தேன்.

ஓரத்தில் வரிசையாகக் கட்டங்கள். எழுதும்போது எனக்கு நானே போட்டுக்கொண்ட குறிப்புகள், பதினொன்று. ‘இங்க ஆதாரம் கேட்டா செத்தேன்.’ ‘இந்தப் பத்தி எனக்கே புரியல, புரிஞ்ச மாதிரி போவோம்.’ ஒவ்வொன்றின் தலையிலும் என் முழுப்பெயர், அப்பா பெயரோடு.

உடனே என் கணினியில் எல்லாவற்றையும் அழித்தேன். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்று அந்த நிமிடத்தில் மனதார நம்பினேன். அப்புறம் ஃபோனை எடுத்து, பதற்றத்தில் பல் டாக்டரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அடுத்த தடவை ஆசிரியருக்கே சரியாக விழுந்தது.

“என் கட்டுரையத் திறக்காதம்மா!”

“திறந்துட்டேன்ணே.”

“மதிப்பிடறவங்களுக்கு அனுப்பிட்டியா?”

“எங்க அனுப்புறது? ரெண்டாவது குறிப்புலயே சிரிச்சு மைலோவ கீபோர்டுல கொட்டிட்டேன். இப்பதான் தொடைக்கிறேன்லா.”

வாழ்க்கையில் முதல்முறையாக மைலோவைக் கும்பிட்டேன்.

“அப்ப அந்தக் குறிப்பெல்லாம் அழிச்சிட்டு அனுப்பிடும்மா.”

“எழுதினவரு கோப்புல நாங்க கை வைக்கக் கூடாதுண்ணே. நீங்கதான் மறுபடி அனுப்பணும். அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. சும்மா அழிச்சிட்டு மட்டும் அனுப்பாதீங்க.”

“ஏன்?”

“நீங்க செத்தேன்னு எழுதின இடமெல்லாம் நெசமாவே சாவுற இடந்தான். அதச் சரி பண்ணுங்க மொதல்ல.”

அரை நாள் லீவு போட்டு, அனுப்பிய பிரதியில் மிஞ்சியிருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழு இடங்களுக்கு ஆதாரம் கிடைத்தது. மீதி நான்கு வாக்கியங்களை மரியாதையாக வெளியே அனுப்பினேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கட்டுரை போய்ச் சேர்ந்தது, ஓரம் சுத்தமாக.

சில வாரம் கழித்து மதிப்பீடு வந்தது. இருவருமே சின்னத் திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டிருந்தார்கள். வாதத்தில் எங்கே சறுக்கும் என்று எழுதியவருக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கிறது என்று ஒருவர் பாராட்டியிருந்தார். அதன் கீழே ஆசிரியர் ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்: “பாவம்ணே, அவருக்கு ஒன்னும் தெரியாது.”

ஏற்றுக்கொண்ட பிறகு பெயர்களைத் திரும்பப் போடலாம். இதழ் வீட்டுக்கு வந்ததும் மனைவி நேராக என் கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்குப் போய் நன்றியுரையைப் பார்த்தாள். அவள் பெயர் இருந்தது. கட்டுரையை இன்னும் படிக்கவில்லை.