ஒருவரும் அடிக்காத சண்டை

பத்து வயது வரைக்கும் நான் ஒரு சண்டையிலும் வென்றதில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது சட்டையைப் பிடித்தால், அடி விழுவதற்கு முன்பே அழுதுவிடுவேன். அழுகிறவனை அடிப்பதில் என்ன ருசி இருக்கிறது, விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதை ஒரு தந்திரம் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆகவே எங்கள் வீட்டுக்கு ரீவி கேம் வந்து சேர்ந்தபோது, இனி என்னுடைய காலம்தான் என்று முடிவு கட்டினேன். இந்தச் சண்டைக்கு உடம்பு தேவையில்லை, கட்டைவிரல் போதும். அந்தக் கட்டைவிரலும் என்னுடையதுதான் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்சக் காலம் எடுத்தது.

கொழும்பு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் மாடிவீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனபோது, கொண்டுபோக முடியாத சாமான்களை ஒழுங்கைக்கே பகிர்ந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். கீழ்வீட்டு அன்ரிக்குக் கிரைண்டர், பக்கத்து வீட்டுக்குப் பூச்சட்டிகள், எங்களுக்கு இந்த ரீவி கேம். ஒரேயொரு கேசட். அதில் ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்ளும் எட்டுச் சண்டைக்காரர்கள். இரண்டு ஜோய்ஸ்டிக். ஒன்றில் உதைக்கிற பொத்தான் உள்ளே போனால் வெளியே வரலாமா விடலாமா என்று யோசிக்கும்.

அந்தப் பழுதான ஜோய்ஸ்டிக்கை மாமா தானாகவே எடுத்துக்கொண்டார். அப்படியிருந்தும் அவர்தான் வென்றார்.

மாமா அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று ஏற்றிருந்த ஏஜென்சிக்காரர் ஒவ்வொரு கிழமையும் அடுத்த கிழமை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய தெருவான காலி வீதியில் ஏறினால் சோதனைச் சாவடி. அடையாள அட்டையை நீட்டி, எங்கே இருந்து வந்தாய், ஏன் வந்தாய், எப்போது போவாய் என்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அவரிடம் மூன்றாவது கேள்விக்குப் பதில் இருக்கவில்லை. அதனால் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பார், அப்பாவின் சேர்ட்டுகளை அயன் பண்ணுவார், மிச்ச நேரமெல்லாம் என்னைப் போட்டு அடிப்பார். ரீவியில்தான்.

நான் எப்போதும் எடுப்பது கறுப்புப் பட்டி கட்டிய ஒரு கராத்தேக்காரன். பார்க்க நன்றாக இருப்பான், அவ்வளவுதான். மாமா எடுப்பது மொட்டைத் தலையும் மீசையுமாக ஒரு தடியன். அப்பா வேலை செய்யும் கந்தோரின் மனேஜரை அச்சில் வார்த்ததுபோல இருந்ததால், அவனுக்கு எங்கள் வீட்டில் மனேஜர் என்றுதான் பெயர். மனேஜர் ஆடி அசைந்து வந்து, என் ஆளை இடுப்பில் பிடித்துத் தூக்கித் தலைகீழாகக் குத்துவார்.

"வாங்கோ மருமோன்," என்பார் மாமா. "லீவு கேட்டு வந்தனீங்களோ? மனேஜர் தரமாட்டாராம்."

ஒரு நாள் அம்மா குசினியிலிருந்து வந்து நின்று பார்த்தார். "நாட்டில நடக்கிறது காணாதெண்டோ வீட்டுக்குள்ளயும் அடிபடுறியள்?"

"அக்கா, இதில அடிக்கிறவன் முன்னால நிண்டு அடிக்கிறான்," என்றார் மாமா. "பேரும் தலைக்கு மேல போட்டிருக்கு. இப்பிடி ஒரு சண்டை வேற எங்க கிடைக்கும்?"

அம்மா முருங்கையிலைச் சுளகை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, உருவி முடித்துவிட்டு மிச்ச ஆளைக் கொல்லுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தனை தரம் தோற்றும் ஏன் விடாமல் விளையாடினேன் என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். பஸ்ஸில் சத்தமாகத் தமிழ் கதைக்காதே என்பார் அப்பா. வீட்டுக்குள் ஓடாதே, கீழ்வீட்டு அன்ரிக்குத் தலையிடி என்பார் அம்மா. வெளியே போனால் கையையும் காலையும் அடக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக நடக்க வேண்டும். ஆனால் இந்தப் பெட்டிக்கு முன்னால் குந்தினால், ஒரு மனிதனைத் தூக்கிச் சுவரில் எறியலாம், ஒருவருக்கும் நோகாது. எறியப்படுவது எப்போதும் என் ஆளாக இருந்தாலும், மணி அடித்தவுடன் அவன் மண்ணைத் தட்டிவிட்டு எழும்பி நிற்பான். எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் உயிர்க்கோடு மறுபடி முழுப் பச்சையாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் உயிர்க்கோடு அப்படி ஒரு நாளும் நிரம்பியதில்லை.

எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. மாமாவை ஒரு தரமாவது வெல்ல வேண்டும். ஒருக்கா விட்டுத் தாங்கோவன் என்று கெஞ்சியும் பார்த்தேன். "விட்டுத் தந்தா உங்களுக்கே ருசிக்காது, மருமோன்," என்று சொல்லிவிட்டு மனேஜரை அனுப்பி என்னை மறுபடி தலைகீழாக நட்டார்.

அந்த நாட்களில் கொழும்பில் வந்து தங்கும் எங்கள் ஆட்கள் பொலிஸில் பதிய வேண்டும். பதிவுக்குக் காலக்கெடு உண்டு, முடிந்தால் போய்ப் புதுப்பிக்க வேண்டும். மாமாவின் பதிவு ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அப்பா அரைநாள் லீவு போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்தான். கையெழுத்துப் போடுகிறவர் வெளியே போய்விட்டார், திங்கட்கிழமை வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களாகவே எங்களைத் தேடி வந்தார்கள்.

ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் மறித்துவிட்டு வீடுவீடாக ஏறினார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்தது இரண்டு பேர். ஒருவர் வயதான இன்ஸ்பெக்டர், மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மற்றவர் தோளில் துவக்குப் போட்ட ஓர் இளம் பொலிஸ்காரர். மீசை முளைக்கலாமா என்று யோசிக்கும் வயது. அவர்கள் கதவைத் தட்டியபோது நானும் மாமாவும் விளையாட்டின் நடுவில் இருந்தோம். மாமா ஜோய்ஸ்டிக்கைக் கையில் பிடித்தபடியே எழும்பி நின்றுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். அப்பா அடையாள அட்டைகளையும் பதிவுத் துண்டையும் அவர் முன்னால் அடுக்கி வைத்தார். அப்பாவின் சிங்களம் கந்தோர்ச் சிங்களம். கடையில் பாண் வாங்கினாலும் மனுக்கொடுப்பது போலத்தான் இருக்கும். இன்ஸ்பெக்டரின் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி, மாமாவின் பெயருக்கு நேரே நின்றது. அப்பா வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் அதை முழுவதும் கேட்டார். பிறகு, இவர் எங்களோடு கொஞ்சம் வந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

கொஞ்சம் என்பது எவ்வளவு என்று எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் தெரியாது. கடைசி வீட்டு அண்ணா தீபாவளிக்கு முன் அப்படிக் கொஞ்சம் போனவர், தைப்பொங்கலுக்குத்தான் திரும்பி வந்தார். அம்மா குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டத்தோடு அப்படியே நின்றார்.

அந்த நேரத்தில் இளம் பொலிஸ்காரர் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் மனேஜரும் கராத்தேக்காரனும் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"மல்லி, யார் வெல்றது?" என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார்.

மல்லி என்றால் தம்பி. எனக்கு அவ்வளவு சிங்களம் விளங்கும். மாமாவைக் காட்டினேன். பொலிஸுக்குப் பொய் சொல்லக்கூடாது அல்லவா.

அவர் மாமாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இளையவர் துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, என் பக்கத்தில் பாயில் வந்து குந்தினார். மாமா அந்தப் பழுதான ஜோய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் நீட்டினார்.

"தம்பி, அந்த அண்ணாவுக்கு விட்டுக் குடு," என்றார் அம்மா என்னிடம், சீனி போதுமா என்று கேட்கிற குரலில். "வெண்டு கிண்டு துலைச்சிடாத."

எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. தோற்பதற்கு எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா.

அவர் ஜோய்ஸ்டிக்கைப் பிடித்த விதத்திலேயே ஆள் இந்த விளையாட்டில் பழகியவர் என்று தெரிந்தது. மனேஜரைத்தான் எடுத்தார். மணி அடித்ததும் அவருடைய கட்டைவிரல் ஒரு அரைவட்டம் போட்டது, மனேஜர் பாய்ந்து வெறுங்காற்றைப் பிடித்துத் தூக்கித் தலைகீழாகக் குத்தினார். மாமா நாட்கணக்காகத் தடவித் தடவிக் கண்டுபிடித்த வித்தை அது. சரி, என் வேலை சுலபம் என்று நினைத்தேன். கராத்தேக்காரனை மனேஜருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கையைத் தொங்கப்போட்டு நிறுத்தினேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்பது போல.

மனேஜர் ஒரு எட்டுப் பின்னால் போனார்.

நான் முன்னால் போனேன். அவர் இன்னும் பின்னால் போனார். மூலைக்குத் தள்ளினால், என் தலைக்கு மேலால் துள்ளி அந்தப் பக்கம் போய்க் குந்திக்கொண்டார். ஓர் ஆள் அடி வாங்கப் பின்தொடர்ந்து போவதும், மற்ற ஆள் அடிக்காமல் தப்பி ஓடுவதுமாக, அந்தக் கேசட்டைச் செய்தவர்கள் கனவிலும் காணாத ஒரு சண்டை நடந்தது.

"அடியுங்கோ, அய்யே," என்றேன் எனக்குத் தெரிந்த சிங்களத்தில். அய்யே என்றால் அண்ணா.

"நீ அடி, மல்லி," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் அடிக்க முடியாது. அம்மா பார்த்துக்கொண்டு நிற்கிறார். அடிச் சத்தம் இல்லாத சண்டை ஒரு வீட்டை எவ்வளவு அமைதியாக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. இன்ஸ்பெக்டரின் விரல் மாமாவின் பெயரை விட்டு எழும்பியது. என்னடா, ரீவி பழுதா என்று கேட்டுக்கொண்டு, அம்மாவின் தட்டத்திலிருந்து எடுத்த தேத்தண்ணிக் கோப்பையோடு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். அப்பாவும் எழும்பி வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நேரம் முடிந்து மணி அடித்தது. ஒரு நாளும் நான் காணாத எழுத்துக்கள் திரையில் வந்தன. மனேஜரும் கராத்தேக்காரனும், இரண்டு பேருமே, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

"யார் வென்றது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒருவரும் இல்லை, சேர்," என்றார் இளையவர்.

"நீ ஏன் அடிக்கவில்லை?"

"பொத்தான் இறுகிப்போய்க் கிடக்கு, சேர்."

உதைக்கிற பொத்தான்தான் பழுது. குத்துகிற பொத்தான் புதுசு போல இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், அப்பாவின் கை என் தோளில் வந்து விழுந்தது.

இளையவர் எழும்பினார். துவக்கை மறுபடி தோளுக்குக் கொண்டுவந்தார். ஜோய்ஸ்டிக்கை என்ன செய்வது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, மாமாவின் கையில் வைத்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "இதுக்கு ரெண்டு பேர் வேணும், சேர்," என்றார்.

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கடைசியாகக் குனிந்து என்னைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இல்லை, ஆட்டம் சமனாகிப் போன கோபம்தான். அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையை அம்மாவிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். நாளைக் காலையில் முதல் வேலையாக இதைப் புதுப்பிக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார். இளையவர் அவருக்குப் பின்னால் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் கீழே கேற்றைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அம்மா நின்ற இடத்திலேயே, குசினி வாசல் நிலத்தில், உட்கார்ந்தார். அப்பா அந்த அட்டைகளை மறுபடி மறுபடி அடுக்கினார், அவை அடுக்கித்தான் இருந்தன. மாமா என் பக்கத்தில் பாயில் வந்து இருந்தார்.

"வாங்கோ மருமோன்," என்றார். அவ்வளவுதான். லீவைப் பற்றியோ என் தலையைப் பற்றியோ ஒரு கேலியும் வரவில்லை.

மணி அடித்தது. மனேஜருக்கு அன்று என்னவோ நடந்துவிட்டது. நேராக நடக்கவே தெரியவில்லை. தூக்க வேண்டிய இடத்தில் துள்ளினார், துள்ள வேண்டிய இடத்தில் குந்தினார். கராத்தேக்காரன் அவரை மூலைக்குத் தள்ளி, ஆசை தீர, வரிசையாக உதைத்துத் தள்ளினான். மாமாவின் ஜோய்ஸ்டிக் வயர் பாயில் சின்னப் பாம்புபோல் துடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். என்னுடைய அடிகளைத் தாங்க முடியாமல்தான் அவருடைய கை அப்படி நடுங்குகிறது என்று நினைத்தேன். அடுத்த ஆட்டத்திலும் வென்றேன், அதற்கடுத்ததிலும் வென்றேன்.

எழும்பி நின்று கத்தினேன். வீடு முழுக்க ஓடினேன். ஓடாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார், சிரிப்பு நிற்கவில்லை, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அம்மாவும் நிலத்தில் இருந்தபடியே சிரிக்கத் தொடங்கினார். என் முதல் வெற்றியில் எனக்கிருந்த குறை அது ஒன்றுதான். இவ்வளவு மோசமாகத் தோற்ற ஒரு மனிதர் கொஞ்சமாவது கவலைப்பட வேண்டாமா?